நீ புரட்டாத தாள்

என் ஈஸ்வரிக்கு,

இது என் கையெழுத்து. நீ நம்பமாட்டாய். யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறேன் என்றுதான் நினைப்பாய். இல்லை புள்ள, நானேதான் எழுதுகிறேன். காலையில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெயில் முற்றத்தைத் தாண்டிவிட்டது, இவ்வளவுதான் எழுதி ஆகியிருக்கிறது.

நீ போன பிறகு நம் ஜெயபுரத்து வாசிகசாலையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். வீட்டில் தனியே இருக்க முடியாமல்தான் போனேன். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். உரப்பையில் இருப்பது, கோயில் சுவரில் உபயகாரர் பெயர், ஒன்றையும் விடுவதில்லை. வவுனியாவுக்கு பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் இருந்த பெடியன், “ஐயா, உங்கட இடம் வந்தால் நான் சொல்லுறன்” என்றான். வழி தெரியாதவன் என்று நினைத்துவிட்டான். “இல்ல தம்பி, இது சும்மா சந்தோசத்துக்கு” என்றேன். நீ இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

இந்த வெள்ளிக்கிழமை உன் ஆண்டுத் திவசம். நெளுக்குளத்திலிருந்து நம் மகள் வசந்தி பிள்ளைகளோடு வருகிறாள். சில கிழமைக்கு முன்பே போனில் ஒன்று கேட்டாள்.

“அப்பா, அம்மாவுக்குப் படைக்கேக்கை அண்ணாவுக்கும் ஒரு இலை போடுவமே?”

ரூபன் காணாமல் போனதிலிருந்து நம் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. காணாமல் போன பிள்ளையின் படத்துக்கு நம் பக்கத்தில் யார் மாலை போடுகிறார்கள்? யார் திவசம் செய்கிறார்கள்? இலை போட்டால், அவன் இல்லை என்று பெற்றவர்களே சொன்னதாகிவிடும். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று போத்தலோடு போனவன். அவன் படம் இன்றைக்கும் சுவரில் மாலையில்லாமல் தொங்குகிறது. “அவன் வருவான்” என்பாய் நீ. “வருவான்” என்பேன் நானும். உயிரோடு இருந்தவரை நீ சம்மதிக்காத ஒன்றை, உன் திவசத்திலேயே நான் எப்படிச் செய்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

இனி அந்த வாள் புத்தகத்துக்கு வருகிறேன். இடம்பெயர்ந்து போயிருந்த முகாமில், தறப்பாள் கூடாரத்து நிழலில் இருந்து நீ எனக்கு வாசித்துக் காட்டினாயே, அட்டை இல்லாத புத்தகம். அதற்கு ‘இடக்கை வாள்’ என்று பெயராம். வாசிகசாலை அலுமாரியில் முழுசாக ஒன்று இருக்கிறது. முதல் வரியை எழுத்துக் கூட்டும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. “இது என் ஈஸ்வரி வாசிச்ச புத்தகம்” என்று நான் போட்ட சத்தத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கதை உனக்கு மறந்திருக்காது. வன்னியர்கள் இந்த மண்ணை ஆண்ட காலம். வாள் பயிற்சி கொடுக்கும் ஆசான் ஒருநாள் காலையில் கூடத்தில் இறந்து கிடக்கிறார். வெட்டு வலது தோளில். எதிரே நின்று வலக்கையால் வெட்டினால் இடது தோளில்தான் விழும். ஆகவே, அவரிடம் படித்த இடக்கைக்காரப் பையன்தான் கொலைகாரன் என்று ஊர் முடிவு கட்டுகிறது. அந்தப் பையனையும் அன்றிலிருந்து காணவில்லை. ‘என் பிள்ளை செய்யமாட்டான், அவன் வருவான்’ என்று தாய் மட்டும் காத்திருக்கிறாள்.

போன ஞாயிறு வாசிகசாலையில் வாசகர் வட்டம் கூடி இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசியது. என்னையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். எனக்கு என்ன பெருமை தெரியுமா? உன் கை பட்ட சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், நீ கடைசியாக இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து வைத்த அந்தச் சட்டை.

முதலில் ஓட்டோ ஓட்டும் நேசன் எழும்பினான். “எனக்குப் பிடிச்சது. ஆனால் ஒரு வாள் சண்டைக்கு இவ்வளவு பக்கமோ? நான் கிளிநொச்சியிலை ஆள் ஏத்திக்கொண்டு வந்து இறக்கிப்போட்டுப் பாத்தாலும் அவங்கள் இன்னும் வாளைச் சுத்திக்கொண்டு நிக்கிறாங்கள்” என்றான்.

ஓய்வு பெற்ற ராசமணி ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தச் சண்டையளுக்குள்ளைதான் துப்பு எல்லாம் கிடக்கு. எதிரை நிண்டு வெட்டினதெண்டு ஆர் சொன்னது? பின்னாலை நிண்டு வெட்டினால் வலக்கைக்காரன்ர வெட்டும் வலது தோளிலைதான் விழும். நேசன், எழும்பித் திரும்பி நில்லும் பாப்பம்” என்று மேசையில் கிடந்த, கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தா.

“ரீச்சர், பள்ளிக்கூடத்திலை அடிச்சது காணாதோ?” என்று நேசன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அடிமட்டம் சரியாக வலது தோளில் இறங்கியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அதன் பிறகு வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் யாழினிப் பிள்ளை சொன்னா, “எனக்கு முடிவுதான் தாங்கேலாமல் கிடந்தது. அந்தத் தாயை அப்பிடி அழ வைச்சிருக்கத் தேவையில்லை” என்று.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பாதிப் புத்தகம்தான் வாசித்திருந்தேன். ஆனால் முடிவு எனக்குத் தெரியும்தானே, நீ வாசித்தாயே. “ஏன் புள்ள, நல்ல முடிவுதானே? குளக்கட்டு வழியா அவன் வீட்டுக்கு வந்துட்டான். ஆத்தாக்காரி சோறு போட்டா. உண்மையான கொலைகாரனையும் அவனே காட்டிக் குடுத்துட்டான்” என்றேன்.

“ஐயா வேறை ஏதோ புத்தகம் வாசிச்சிட்டு வந்திட்டார்” என்றான் நேசன். எல்லோரும் சிரித்தார்கள்.

“கடைசி அத்தியாயம் வாசிச்சிட்டியளோ ஐயா?” என்று யாழினி கேட்டா.

“இன்னும் இல்ல. என் வீட்டுக்காரி வாசிச்சுக் காட்டுனா, முகாம்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. நேசன் தலையைக் குனிந்துகொண்டான். ரீச்சர்தான் மெதுவாக, “வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வாசியுங்கோ ஐயா” என்று புத்தகத்தை என் கையில் வைத்தா.

வாசித்தேன் ஈஸ்வரி. மழை பொய்த்த ஒரு வருடத்தில் குளம் வற்றுகிறது. சேற்றுக்குள் ஒரு வாள். அதன் பிடி இடக்கை விரல்களுக்குத் தேய்ந்திருக்கிறது. பக்கத்தில் எலும்புகள். கொலையைக் கண்டுவிட்டான் என்று, அன்றைக்கே அந்தப் பிள்ளையையும் கொன்று குளத்தில் போட்டிருக்கிறார்கள். கதை முழுக்க அந்தத் தாய் தண்ணீர் மொண்ட குளம் அது. பிழையாக எழுத்துக் கூட்டுகிறேனோ என்று திரும்பவும் வாசித்தேன். எழுத்து சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. கடைசி அத்தியாயத்தைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நீ நிறுத்தினாய். என் முகத்தைப் பார்த்தாய். “தண்ணி குடிக்கப் போறியளோ?” என்று கேட்டாய். பிறகு குனிந்து வாசித்தாய், அவன் வருகிறான், தாய் ஓடிவருகிறாள் என்று. உன் கண் தாளில்தான் இருந்தது. ஆனால் நீ தாளைப் புரட்டவே இல்லை. அன்றைக்கு நான் எழுத்துத் தெரியாதவன், எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது தாளைப் புரட்டுகிறவனாக ஆன பிறகுதான் உறைக்கிறது. அந்த அத்தியாயம் நீளம், புள்ள.

உடனே வசந்திக்குப் போன் எடுத்தேன். “அம்மா எப்பவாச்சும் உன்கிட்ட ரூபனைப் பத்திப் பேசியிருக்காளா?” என்று கேட்டேன்.

“ஒருக்கா சொன்னவா அப்பா. ‘அவன் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரிஞ்சிட்டுது. அப்பாட்டைச் சொல்லிப்போடாதை, அந்த மனுசன் தாங்காது’ எண்டு சொன்னவா.”

எனக்கும் அன்றைக்கே தெரியும், ஈஸ்வரி. அவன் போன பக்கத்தில் குண்டு விழுந்து புகை எழும்பியபோதே தெரியும். நீ தாங்கமாட்டாய் என்றுதான் “வருவான், வருவான்” என்று உன்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். முகாமில் அந்த முடிவைக் கேட்டு அழுதது கூட, கதையிலாவது ஒரு பிள்ளை வந்து சேர்ந்தானே என்றுதான். நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாயோ? என் நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாயோ?

நீ எப்போது அழுவாய்? நான் வயலுக்குப் போன பிறகா? நான் வயலில்தான் அழுவேன். வரம்பில் குந்தியிருந்து அழுதுவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வருவேன். “வெயிலிலை கண் சிவந்து கிடக்கு” என்று நீ எண்ணெய் வைத்துவிடுவாய். உன் கண்ணும் சிவந்துதான் இருக்கும். குசினிப் புகை என்று நானும் கேட்காமல் விட்டுவிடுவேன். ஒரு கூரைக்குக் கீழே இத்தனை வருடம், நம் பிள்ளைக்காக நாம் இரண்டு பேரும் ஒரு நாளாவது சேர்ந்து அழவில்லையே, புள்ள.

இந்தப் புத்தகத்தைப் பற்றி எல்லோரும் தங்கள் கருத்தை எழுதித் தரவேண்டும், வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்போகிறோம் என்றா யாழினி. “நான் எழுதுனா என் வீட்டுக்காரிக்குத்தான் எழுதுவேன், பரவாயில்லையா?” என்று கேட்டேன். “எழுதுங்கோ ஐயா, நாங்களும் வாசிக்கிறம்” என்றா. ஆகவே அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாள் சண்டைகள் நன்றாக இருந்தன. எழுதியவர் உள்ளதைச் சொல்லி முடித்திருக்கிறார், அவரில் குற்றம் இல்லை. ஆனால் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆளையாவது நிறுத்தியிருக்கலாம். குளத்தங்கரையில் அவளைத் தனியே அழவிட்டுவிட்டுக் கதையை முடித்துவிட்டார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு இலை போடச் சொல்லி வசந்தியிடம் சொல்லிவிட்டேன். ரூபனின் படத்தை இறக்கி, உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மாலையை நானே போடுவேன். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு வரம்புக்கு ஓடிப்போகமாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால், பேரப்பிள்ளைகள் பார்த்தாலும் பரவாயில்லை, வாய்விட்டு அழுவேன். நீயும் அங்கேயே இருந்து அழு புள்ள, இனி நான் தாங்குவேன்.

உன் வீட்டுக்காரன்,
ரூபனின் அப்பா