வரிசையில் அண்ணியின் திருத்தமும்

மார்ச் 4
சின்ன நூலகங்களுக்காக அண்ணி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்ட மென்பொருள் வேலையில் இன்று நானும் சேர்ந்தேன். நிரல் எழுத அல்ல. வெளியாட்கள் அனுப்பும் திருத்தங்கள் ஏன் மாதக்கணக்கில் தேங்குகின்றன என்று பார்த்துச் சரிசெய்ய. அலுவலகத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் செய்கிற வேலைதான். அங்கே சம்பளம், இங்கே அண்ணி போடும் காபி.

மார்ச் 9
காரணம் தெரிந்துவிட்டது. அண்ணிதான். எந்தத் திருத்தத்தையும் மென்பொருளில் சேர்க்க அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்துப் பதில் எழுதுகிறார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியவருக்குக்கூட, “இத்தனை வருஷமா என் கண்ணுல படவே இல்ல, நன்றி.” எனக்கு இந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனால் ‘மின்னல்’ என்ற பெயரில் எழுதுகிறவர் காத்திருந்து அலுத்து விலகிவிட்டார். நிரல் எழுதுவதில் நல்ல கை. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 10
சொல்லவில்லை.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.
“சேர்க்கிற அனுமதிய இன்னும் நாலு பேருக்குக் குடுக்கணும் அண்ணி. யார் திருத்தமா இருந்தாலும் வேற ஒருத்தர் பாத்து சரின்னு சொல்லணும். உங்களோடதும்தான்.”
குழாயை மூடினார். “அது நான் வளத்த புள்ள மாதிரி.”
“புள்ளைன்னா ஸ்கூலுக்கு அனுப்பணும்ல?”
சிரிக்கவில்லை. எனக்கு எதற்கு இந்த வாய்? அண்ணன் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டான்.

மார்ச் 15
அண்ணியே எல்லாருக்கும் அறிவித்திருக்கிறார். புது முறை, புதிதாக நான்கு பேர் — நான், மின்னல், இன்னும் இருவர். மின்னலிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரவழைத்திருக்கிறார். ஒரே ராத்திரியில் இப்படி விட்டுக்கொடுக்க யாரால் முடியும்?

ஏப்ரல் 2
அண்ணியின் திருத்தம் என் பார்வைக்கு வந்தது. ஓடவிட்டுப் பார்த்தேன். ஓர் உறுப்பினரை நீக்கினால் அதே பெயருள்ள எல்லாரும் நீங்கிவிடுகிறார்கள். அண்ணிக்கே நான் பிழை சொல்வதா? இது வெளியே போனால் எத்தனை நூலகங்கள் தலையில் கைவைக்கும்? எழுதி அனுப்பினேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணியின் போன் சிணுங்கியது. படித்தார்.
“நல்ல வேளைடி. நான் பாட்டுக்கு சேத்திருப்பேன்.”
அங்கேயே சரிசெய்து மறுபடி அனுப்பினார். வரிசையில் முன்னால் வேறு இரண்டு பேருடைய திருத்தங்கள் இருந்தன. காத்திருந்தார்.

மே 20
கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனும் அண்ணியும் ஒரு வாரம் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் போன் வந்தது.
“புதுப் பதிப்பு என்னைக்கு வெளியிடறீங்க?”
“நேத்தே வந்தாச்சு அண்ணி. மின்னல்தான் வெளியிட்டாரு.”
பின்னால் அலைச் சத்தம் கேட்டது.
“எல்லாம் ஒழுங்கா ஓடுதா?”
“ஓடுது.”
“சரி. உங்கண்ணன் ஐஸ்கிரீம் வாங்கிட்டு நிக்கறாரு, உருகிடும். வெக்கறேன்.”