பக்கத்தில் நிற்பவள்

ஜெலுத்தோங், பினாங்கு
14 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜெகா,

புத்தாண்டு வாழ்த்து. நீ என் எண்ணைத் தடுத்து வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அதனால்தான் கடிதம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் நான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளுக்குத் தபால்தலை வாங்க வேண்டியிருக்கிறதே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

உன் கல்யாணப் பத்திரிகை உன் தாய்மாமா நல்லமுத்து வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் உன் அம்மா பெயர் இருக்கிறது. அது சரிதான். அவர் போய் ஆறு வருஷம் ஆனாலும் உன்னைப் பெற்றவர். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

என் கவலை வேறு. மனைவி பக்கத்தில் இல்லாத ஆண் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் பக்கத்தில் பார்ப்பார்கள். உன் அப்பா அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருக்கிறார். பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் நின்று செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற என்னை விடு. பிறகு கடைசி வரிசைக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் கண் சோதனைக்கு அவரை அழைத்துப் போனேன். அங்கிருந்த தாதி, "அங்கிள், உங்க மக நல்லா பாத்துக்கிறாங்க" என்றார். மனைவி என்று இவர் சொன்னதும் அந்த அம்மாள் என் கழுத்தையும் கையையும் பார்த்தார், என்ன நகை வாங்கியிருக்கிறேன் என்று. இவருக்கு ஐம்பத்தொன்பது, எனக்கு முப்பது. ஊர் பேசுவது பழகிவிட்டது. நீ பேசாமல் இருப்பதுதான் பழகவில்லை.

உன் தவம்


பட்டர்வொர்த்
28 ஏப்ரல் 2024

தவம்,

கிழித்துப் போடத்தான் உன் கடிதத்தை எடுத்தேன். படித்துவிட்டேன்.

உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தது நான். அம்மா படுக்கையில் இருந்தபோது சனிக்கிழமை தோறும் கூட வந்து அவருக்குத் தலை வாரிவிட்டாய். இப்போது ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? அம்மா இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது, மகளே வழி காட்டிவிட்டாள் என்கிறார்கள். சில நாள் நான் அதை நம்புகிறேன், சில நாள் நம்புவதில்லை. இரண்டிலும் எனக்கு நிம்மதி இல்லை.

எனக்குப் பார்த்திருக்கும் மோகனராஜ் நல்லவர். ஆனால் அவர் அம்மா போனில் யாரிடமோ, "சம்பந்தியம்மாவுக்கும் எம் மருமகளுக்கும் ஒரே வயசாம்" என்று சிரித்ததை நானே கேட்டேன்.

அம்மா நிற்க வேண்டிய இடத்தில் உன்னை என்னால் பார்க்க முடியாது. நல்லமுத்து மாமாவும் நல்லம்மாள் அத்தையும் தாரை வார்ப்பார்கள். அப்பா வரட்டும். நீ வராதே.

ஜெகதீஸ்வரி


ஜெலுத்தோங்
19 மே 2024

அன்புள்ள ஜெகா,

சரி, வரவில்லை.

உன் அம்மா இருந்தவரை உன் அப்பா எனக்கு அங்கிள், அவ்வளவுதான். இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

நான் வராவிட்டால் தானும் போகமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். அதனால் கல்யாணத்தன்று காலையில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளப் போகிறேன். அவரிடம் இதுவரை பொய் சொன்னதில்லை.

நேற்று வேட்டி எடுக்கப் போனோம். "அப்பாவுக்கு எட்டு முழமா, நாலு முழமா?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எட்டு முழம் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

அவரை முன் வரிசையில் உட்கார வை. சர்க்கரை ஏறியிருக்கிறது, இனிப்பு வேண்டாம். மாத்திரை சட்டைப் பையில் இருக்கும், ஒரு மணிக்கு யாரையாவது ஞாபகப்படுத்தச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தவம்


பட்டர்வொர்த்
9 ஜூன் 2024

தவம்,

அப்பா என் போனை எடுப்பதில்லை. அன்று நடந்ததை உன்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

அவர் மண்டபத்துக்குள் தனியாக வந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சல் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மோகனராஜின் சித்தி அவர் முகத்துக்கு நேரே, "என்ன சம்பந்தி, அதுக்குள்ள ஓடிட்டாளா? சின்னப் பொண்ணுங்க அப்படித்தான் லா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மணவறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாமா தாரை வார்க்கும்போது அப்பா கையைக் கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி நின்றார். தாலி கட்டி முடிந்ததும் ஆளைக் காணோம். சாப்பிடாமலே பினாங்குக்குத் திரும்ப ஃபெர்ரி ஏறிவிட்டாராம். நீ வந்திருந்தால் கொஞ்ச நேரம் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். நீ வராததால் அவர்கள் சந்தேகப்பட்டதெல்லாம் நிஜம் என்று ஆகிவிட்டது. தப்பு என்னுடையது.

இருபத்து மூன்றாம் தேதி மறுவீட்டு விருந்து வைக்கலாம் என்கிறார்கள். அது பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். நீ அழைத்தால் வருகிறோம். ஒன்று மட்டும். நீ அப்பாவுக்குச் சாப்பாட்டில் மருந்து வைத்து மயக்கிவிட்டாய் என்று யாரோ மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். உன் கையால் சாப்பிட யோசிக்கிறார். கேட்டரிங்கில் எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. நான் நம்பவில்லை, அவருக்காகத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஜெகா


ஜெலுத்தோங்
14 ஜூன் 2024

ஜெகதீஸ்வரிக்கு,

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று வந்ததும் வேட்டிகூட மாற்றாமல் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்காமல் போய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் குடித்தோம். மண்டபத்தில் அவர் பட்ட அவமானம் உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வராதே என்றாய், வரவில்லை. நான் ஒதுங்கிக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். அதற்கு அடி வாங்கியது அவர். இனி நான் எதற்கும் ஒதுங்கமாட்டேன்.

விருந்து உண்டு. சமைப்பது நான். அவர் தினமும் சாப்பிடுவதைத்தான் வருகிறவர்களுக்கும் வைப்பேன். அதைச் சாப்பிட முடியாதவர்கள் வர வேண்டாம்.

நீ நம்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்பாதவள் அவர்களிடம் அல்லவா அதைச் சொல்லியிருப்பாள்? எனக்கு ஏன் எழுதினாய்? நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். என் தோழி எழுதியது என்று ஒரு தடவையும் தோன்றவில்லை.

அப்பாவைப் பார்க்க நீ எந்த நாளும் வரலாம். கதவைத் திறப்பேன், குடிக்கத் தருவேன், அவரை எழுப்பிவிடுவேன். பழையபடி உன்னோடு உட்கார்ந்து பேச மட்டும் என்னால் ஆகாது.

சிவநேசன் மனைவி
தவமலர்