சொதி வைத்த மூன்று நிமிடம்

விக்கிரமசிங்கபுரம்
12.11.1996

அன்பு மருமகள் மதுமதிக்கு, மாமா குற்றாலலிங்கம் எழுதுவது.

நல்ல சுகம், நல்ல மழை. பாபநாசம் அணையைத் திறக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திறந்தார்கள். உனக்கு மெட்ராசில் டிவி நிலையத்திலேயே வேலை என்றதும், இனிமேல் செய்தி வாசிப்பதே என் மருமகள்தான் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

ஒரு காரியம் தாயி. எண்பத்தெட்டில் உன் சொர்ணாம்பாள் அத்தை மாதர் நிகழ்ச்சியில் சொதி வைத்துக் காட்டினாளே, அந்த டேப் வேண்டும். பச்சைப் பட்டு, மூக்குத்தி டாலடிக்கத் தேங்காய்ப்பால் ஊற்றினாள். அறிவிப்பாளரம்மா கரண்டியையே நக்கிவிட்டாள். எட்டு வருசமாக ஊருக்கெல்லாம் சொல்லுகிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று. நான் அதைப் பார்க்கவில்லை. அது டிவியில் வந்த அன்றைக்குக் கொட்டுகிற மழையில் தட்டட்டியில் ஏறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே நீங்களெல்லாம் "தெரியுது, தெரியுது!" என்று கத்தினீர்கள். நான் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. அவள் போய் ஒரு வருசமாகிறது. ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன் மாமா,
குற்றாலலிங்கம்

சென்னை
25.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

டேப் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தால் அதில் நெல்லுக்கு உரம் போடுவது எப்படி என்று ஒருவர் பேசுகிறார். டேப் தட்டுப்பாடு என்று பழையதை அழித்து அதன்மேலேயே பதிந்துவிடுவார்களாம்.

நான் அன்று பார்த்ததையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. கீழே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெட்டி முழுக்கப் புள்ளி, நடுவில் இலங்கை ரூபவாகினியிலிருந்து சிங்களத்தில் யாரோ பேசும் சத்தம். அத்தைதான், "ஏ பிள்ளைகளா, தெரியுதுன்னு சத்தம் போடுங்க. அவுக மழையில நிக்காக, இறங்கி வரட்டும்" என்றாள். அவளும் தன்னைப் பார்க்கவில்லை.

மன்னியுங்கள்.
மதுமதி

விக்கிரமசிங்கபுரம்
9.12.1996

மதுமதிக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். மூன்று நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை. நான் போகாதிருந்தேன் என்றால் நீ நம்புவாயா?

அப்புறம் எதிர்வீட்டுச் செல்லக்கிளியைக் கூப்பிட்டு, "நீ அன்னைக்குப் பார்த்தியா, இல்லையாட்டி?" என்று அதட்டினேன். "அண்ணாச்சி, நீங்க சொல்லிச் சொல்லி நானும் பார்த்ததாவே நெனச்சிட்டேன்" என்கிறாள்.

அன்றைக்கு நான் இறங்கி வந்து உன் அத்தையிடம், "எப்படிட்டி இருந்துது?" என்று கேட்டேன். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிக்கொண்டே, "பச்சைப் பட்டு நல்லா எடுத்துச்சு" என்றாள். அதை வைத்துத்தான் மூக்குத்தியும் கரண்டியும் நான் சேர்த்தது.

நம்முடையது கறுப்பு வெள்ளைப் பெட்டி, மதுமதி. இத்தனை வருசமாக எனக்கு அது உறைக்கவில்லை பார்.

தெருவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீ அந்த உரம் போடுகிற டேப்பையே ஒரு பிரதி எடுத்து அனுப்பு. அதற்கு அடியில்தானே இருக்கிறாள்.

மாமா