ரவுட்டருக்குள் இருந்த பதினோரு வரிகள்

டுலூத்,
மார்ச் 12, செவ்வாய்

அன்புள்ள சிக்னே,

இங்கே நான் நலம். எல்லாக் கடிதத்திலும் கை தானாக எழுதிவிடுகிற சொற்கள்தான். இந்த முறை எழுதியபின் உண்மைதானா என்று நிறுத்தி யோசித்துப் பார்த்தேன், உண்மைதான் என்று பட்டதால் விட்டிருக்கிறேன். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, போதிய அளவு தூங்கி நலமாக இருக்க வேண்டும். நேற்றும் இன்றும் காலை எட்டு மணிக்கு நான் அழைத்ததற்கு, "அம்மா, ஃபேர்பேங்க்ஸில இப்ப மணி அஞ்சு, உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கோபித்துக்கொண்டாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை அந்த நேரத்துக்குத்தான் அழைக்கப்போகிறேன், பொறுத்துக்கொள். காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். தென்துருவத்து வேலைக்கு ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும், நீ இன்னும் சொல்லவில்லை என்பதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வருடம் முழுக்க அங்கே என்றால் குளிர் தாங்காது என்கிறாய். டுலூத்தில் பிறந்து அலாஸ்காவில் வேலை பார்க்கிறவள் குளிரைக் காரணம் சொன்னால் யார் நம்புவார்கள்?

ரவுட்டர் விஷயம் உனக்கு நினைவிருக்கும். நீ அலாஸ்கா போகும் முன் எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்து, அதில் இருந்த மென்பொருளைத் துடைத்துவிட்டு, உலகமெங்கும் யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதுகிற அந்த மென்பொருளை ஏற்றி ஹாலில் மாட்டிவிட்டுப் போனாய். பத்தொன்பதாம் பதிப்பு. கடைசியாக மின்சாரம் போனதிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒருமுறைகூட அணையாமல் ஓடுகிறது என்று அதன் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருந்தது. ஜனவரி கடைசியில் நூலகத்தில் எங்களை உட்கார வைத்து, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லாம் பழைய பதிப்பா என்று பாருங்கள் என்றார்கள். பார்த்தால், பத்தொன்பதுக்கு இனி ஓட்டை அடைப்பதில்லை என்று அதை எழுதுகிறவர்களே கைகழுவி வெகுநாளாகியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் நான் வீட்டு மேசையிலிருந்துதான் வெளியூர் நூலகங்களுக்குப் புத்தகக் கோரிக்கை அனுப்புகிறேன். இந்த ஊரில் யார் விவாகரத்துச் சட்டம் கேட்டார், யார் கணையப் புற்றுநோய் பற்றிக் கேட்டார் என்பதெல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கே அது தெரியாது.

உன்னிடம் கேட்டேன். எந்த அப்டேட்டையும் ஒரு நாள் தள்ளிப்போட விடாதவள் நீ, என் போனைப் பிடுங்கி நீயே அழுத்துகிறவள். அப்படிப்பட்ட நீயே, "அம்மா, அதைத் தொடாதே. ஜூன்ல நானே வந்து பாக்கறேன். நல்லா ஓடுது இல்ல, ஓடட்டும்" என்றாய். அன்றே எனக்கு எங்கோ இடறியது. கீழ்வீட்டு ஆர்வோவும் உன் கட்சிதான், அவருக்கும் அதே வைஃபை இல்லையா. "ஏம்மா மாரிட், துறைமுகத்துல நாப்பது வருஷம் கப்பலுக்குத் தாது ஏத்தினவன் சொல்றேன், ஓடுற பெல்ட்டுல கை வைக்கிறவனுக்கு கை இருக்காது. அதுவும் ஹாக்கிப் போட்டி முடியறதுக்கு முன்னாடி தொட்டே, நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றார். பேசாமல் இருந்தால் இரண்டு நாள் நிம்மதியாகப் படிப்பேன் என்றேன். போகிறவர் மாடிப்படியில் நின்று, படிக்கிற பொம்பளைகளே இப்படித்தான் என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வாரம் இப்படியே போயிற்று. புதிய பதிப்பைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, தினமும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன், ஹாலில் போய்ப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்ப்பேன், திரும்பி வந்து எடுத்த புத்தகத்தில் அதே பக்கத்தை மூன்றாம் முறை படிப்பேன். அந்த மென்பொருள்காரர்களின் மன்றத்தில் நூற்றுக்கணக்கான புலம்பல்களைப் படித்தேன். கெடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் கெட்டது ஒரே இடத்தில்தான். அமைப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளவா என்று ஏற்கெனவே டிக் போட்ட ஒரு கட்டம் வரும். பத்தொன்பதிலிருந்து இருபத்துமூன்றுக்குப் போகிறபோது நம்முடையதைப் போன்ற பெட்டிகளில் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும், உள்ளே இணைப்புகளை எழுதும் முறையே மாறிவிட்டது, பழையதைச் சுமந்துகொண்டு போனால் பெட்டி தன்னையே பூட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் இது தெரியும், தெரிந்தே டிக்கை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்துச் செய்ததை அழிக்கக் கை வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அப்படியானால் எல்லாவற்றையும் கையால் திரும்ப எழுத வேண்டும், எழுதுவதற்கு முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சென்ற வியாழக்கிழமை மதியம் பழைய அமைப்புகளை ஒரு கோப்பாக எடுத்துத் திறந்து, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். வைஃபை பெயர், கடவுச்சொல், ஆர்வோவின் டிவிக்கு ஒரு எண், அச்சு இயந்திரத்துக்கு ஒரு எண். அதன்பின் கால அட்டவணை ஒன்றும், அது கூப்பிடுகிற சின்ன நிரல் ஒன்றும் வந்தன. நிரலின் பெயர் 'எழுந்தாச்சா'. பதினோரு வரி. நான் எழுந்ததும் போடுகிற சமையலறை இணைய ரேடியோ காலை ஒன்பதரைக்குள் வைஃபைக்கு வரவில்லை என்றால் உனக்கு ஒரு மின்மடல் போக வேண்டும். நிரல் எனக்குப் புரிந்திருக்காது, நீ பக்கத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் புரிந்தன. சனி ஞாயிறு பத்தரை வரை விடு, தூங்கட்டும். டிசம்பர் 26 முதல் ஜனவரி 10 வரை எட்டு மணிக்கே பார். கடைசியில், அம்மா சரியானதும் இதை எடுத்துவிடு.

நான் எழுந்து ரேடியோவை நிறுத்தினேன். ஏன் என்று தெரியவில்லை, உடனே திரும்பப் போட்டேன். நீ எனக்கு அழைத்த காலைகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வாஃபிள் சுட ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிய அன்று, "சும்மாதாம்மா கூப்பிட்டேன், என்ன பண்றே?" என்று மூச்சிரைக்கக் கேட்டாய். காய்ச்சலில் படுத்த அன்று அழைத்தாய். இவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, தொப்புள்கொடி உறவு என்பது இதுதான் போல என்று நான் நூலகத்தில் பெருமையடித்திருக்கிறேன். இங்கே ஒன்பதரை என்றால் உனக்கு ஆறரை. ஏறக்குறைய இரண்டு வருடமாக நீ கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அந்த மடல் வந்திருக்கிறதா என்றுதான். தென்துருவத்தில் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வருகிற சில மணி நேரம்தான் தொடர்பு என்று நீயே சொல்லியிருக்கிறாய். குளிர் எது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

முதலில் கோபம்தான் வந்தது. என் சமையலறைக்குள் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது போல. பிறகு நீ கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து வந்த அந்த ஜனவரி நினைவுக்கு வந்தது, நீ எட்டு மணிக்கே பார்க்கச் சொன்ன அதே நாட்கள், ஒன்பது நாள் நான் எழுந்திருக்காமல் கிடந்ததும், நீ ஒன்றும் கேட்காமல் பாத்திரங்களைக் கழுவிய சத்தமும். உனக்கு அப்போது இருபது வயது. அந்த வயதில் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன், நீ என்னை. கோபம் அதற்குமேல் நிற்கவில்லை. ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரி ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் ரேடியோவைப் போட்டேன், காபி போட்டேன், அதைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. உனக்கு மடல் வரவில்லை. உன் நிரலுக்கு நான் எழுந்தாச்சு. அடுத்த நாள் டாக்டரிடம் நானே போனேன், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. ரேடியோவுக்குத் தெரிவது ரேடியோ மட்டும்தான் கண்ணு.

சனிக்கிழமை நம் ஊர்ப் பையன்கள் தோற்றார்கள், ஆர்வோ வந்து, "இனிமே அந்தப் பெட்டி எரிஞ்சு போனாலும் எனக்கு ஒண்ணுமில்லை" என்றார். ஞாயிறு மதியம் உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் வந்தது. இவ்வளவும் படித்த நான் டிக்கை எடுக்கவில்லை. பொருந்தாது என்று பெட்டியே மறுத்து, கட்டாயப்படுத்தவா என்று கேட்டது. அதன்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பதினோரு வரியும் போய்விடும் என்பதுதான் காரணம், வேறென்ன. பிறகு டிக்கை எடுத்துவிட்டு அழுத்தினேன். விளக்கு அணைந்தது. மாடிப்படியில் ஆர்வோ புகைபோட்ட மீனோடு உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "உயிரோட இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்கு, வாயை மூடுங்க" என்றேன், இருக்கிறதா என்று எனக்கே தெரியாமல். ஆறாவது நிமிஷம் பச்சை வந்தது. நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன், புதுக் கடவுச்சொல் வைத்தேன், ஆர்வோவின் டிவி வந்தது.

உன் நிரலை எழுதவில்லை. இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறுநாள் காலை எழுந்தபோதுதான் கவனித்தேன். மடல் வராவிட்டால் நான் நலம் என்று நீ வைத்திருந்தாய். இப்போது மடல் வரவே வராது. நான் வாயைத் திறக்காவிட்டால் அம்மா தினமும் எழுந்துவிடுகிறாள் என்று நிம்மதியாகத் தென்துருவத்துக்கே போயிருப்பாய். அந்தப் பொய்யை உன்னோடு அனுப்ப எனக்கு மனமில்லை. அதனால்தான் அதிகாலையில் உன்னை எழுப்பி என் குரலைக் கேட்க வைக்கிறேன். இனி எழுந்திருக்க முடியாத நாள் வந்தால் ஆர்வோவின் கதவைத் தட்டுவேன், டாக்டரை அழைப்பேன், உனக்கும் அன்றே எழுதுவேன், உன் செயற்கைக்கோள் வருகிறபோது நீ படித்துக்கொள்வாய். நல்ல நாளாக இருந்தால் நல்ல நாள் என்றும் எழுதுவேன். ஆர்வோவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன், இந்த வயதில் எனக்கு அது எளிதாக இல்லை.

அந்தப் பதினோரு வரியை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். கடைசி வரியில் நீ எழுதியிருந்ததை நானே செய்துவிட்டேன். எனக்கு முழுக்கச் சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. முழுக்கச் சரியாகும் நாளுக்காக நீ காத்திருந்தால் உனக்கு நரைத்துவிடும். வெளியே போகும்போது இரட்டைக் கையுறை போடு, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. என் ஆசி எப்போதும் உன்னோடு. எங்கே போனாலும் உடம்பும் மனமும் உன் சொல்படி கேட்கட்டும். ஒன்றாம் தேதி மறந்துவிடாதே. போகிறேன், போகவில்லை, எது வேண்டுமானாலும் எழுது. காரணமாக என்னை மட்டும் எழுதாதே.

என்றும் உன்,
அம்மா மாரிட்

ஏழு மணிக்கு எழுந்தேன். காபியையும் குடித்தேன்.