இடது பக்கப் பின்கதவு

இன்று காலை காரைத் துடைத்துவிட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட்டேன். டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கையிலும் பனியனிலும் இருந்த அதே வாசனை. சாப்பிட உட்கார்ந்தால்கூட அது போகாது. "கைய நல்லா கழுவிட்டு வாங்க" என்று சத்தம் போடுவேன். நீங்கள் விரல்களை மோந்து பார்த்துவிட்டு, "இது நல்ல வாசனதான், போ" என்பீர்கள்.

என்னங்க, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் காரில் அடி பட்டுவிட்டது. இடித்தது நான்தான்.

இடது பக்கப் பின்கதவு. கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு மேல்வரை நீள நீளமாகக் கோடுகள். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். வேலைக்காலம் முழுதும் சிமென்ட் ஆலைத் தூசியில் நின்றுவிட்டு, ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாய் வாங்கிய கார். கோழி ஏறினால் ஓடி வருவீர்கள். அரியலூர்க் கடைத்தெருவில் வண்டிகள் நெருக்கி நிற்கும் என்று எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு, என்னை வெயிலில் நடக்க வைப்பீர்கள்.

அப்படிப்பட்ட காரை எனக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியதோ. கொள்ளிடக் கரைப் பக்கம் ஆளில்லாத ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னீர்கள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனேன். ஒரு திருப்பத்தில் கருவேல மரத்துக் கிளை கதவில் உரசப் பார்த்தது.

"பாத்து! பாத்து! பெயிண்ட்டு போவுதுடி! கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கினேன். "ஒங்க காரை நீங்களே கட்டிக்கிட்டு அழுவுங்க. இனிமே நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீடுவரை நடந்தே வந்தேன். நீங்கள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் ஏறவில்லை.

சில மாதங்கள் கழித்து, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். "வரியா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். இந்தத் தடவ கத்த மாட்டேன்."

"எனக்கு வேல கெடக்கு" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் கொஞ்ச நேரம் நின்றீர்கள். பிறகு சாவியை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவே இல்லை.

அந்தப் பகலைப் பற்றி எழுத எனக்குக் கை வருவதில்லை. ஆனாலும் எழுதாமல் இது முடியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினேன். அறுப்பு நேரம், எல்லாரும் வயலில். வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரும் அகப்படவில்லை. திரும்பி வந்தபோது நீங்கள் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். கார் வாசலில் நின்றது. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"முன்னாடியே கொண்டாந்திருந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். சில நாள் அந்தச் சொல் ஆறுதலாக இருக்கிறது. சில நாள் அதே சொல் என்னைத் தூங்க விடுவதில்லை.

காரியம் முடிந்த பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். புருஷன் போன கையோடு கார் பழகுகிறாள் என்று நம் தா.பழூரில் பேசாத வாய் இல்லை. பேசட்டும் என்று விட்டேன். லைசென்சும் வாங்கிவிட்டேன். நன்றாகவே ஓட்டுகிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா? காற்று முகத்தில் அடிக்க, முன்னால் ரோடு காலியாகக் கிடக்கும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. வந்த மறுநிமிஷமே, இந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்று நினைப்பு வரும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுவேன்.

போன மாதம் அரும்பாவூருக்கு, உங்கள் தங்கை வீட்டுக்குப் போனேன். பெரம்பலூர் தாண்டி அவ்வளவு தூரம் தனியாக ஓட்டியது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது நாத்தனார் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை டிக்கியில் ஏற்றினாள். நீங்கள் இருந்திருந்தால் ஏற்ற விட்டிருக்க மாட்டீர்கள். ரோடு வரைக்கும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் வண்டியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணி, அண்ணன் எனக்கு கார் ஓட்ட சொல்லிக் குடுத்த கத ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒனக்கா? இது எப்ப?"

"ஒங்ககிட்ட கத்தி, நீங்க நடந்தே வூட்டுக்குப் போனீங்களாமே, அதுக்கப்புறந்தான். இங்க வந்து, 'அவகிட்ட கத்திப்புட்டேன், கத்தாம சொல்லிக் குடுக்க மொதல்ல ஒன்கிட்ட பழகிக்கிறேன்'னுச்சு. நான் ஸ்டியரிங்கப் புடிச்சதும் வாயில துண்டக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். கண்ணு ரெண்டும் பிதுங்கும். ஆனா சத்தம் மட்டும் வராது!"

நான் சிரித்தேன். நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. கேட் தூணில் கதவு இழுத்துக்கொண்டு போன சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

உடனே அழுகை வந்துவிட்டது. காருக்காக அழுகிறேன் என்று நினைத்து, "விடுங்கண்ணி, தகரந்தானே, தட்டிக்கலாம்" என்றாள் நாத்தனார். கத்த மாட்டேன் என்று நீங்கள் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. அதற்காக அரும்பாவூர் வரை போய்ப் பழகிக்கொண்டு வந்து கேட்டிருக்கிறீர்கள். நானோ கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மகன் சென்னையிலிருந்து போனில் சொன்னான்: "இன்சூரன்ஸ்ல போட்டுப் பாரும்மா. இல்லன்னா அப்படியே வித்துடலாம்." இன்சூரன்ஸ்காரரைக் கேட்டால், "வண்டி இன்னும் சார் பேர்லயே இருக்கே. மொதல்ல ஆர்.சி.ல பேர் மாத்திட்டு வாங்கம்மா" என்றார். பிள்ளை எத்தனையோ தடவை சொல்லியும், உங்கள் பெயரை எடுக்க மனமில்லாமல் தள்ளிப்போட்டது என் தப்பு. இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன்; மாறி வர நாளாகும் என்பதால் கதவைக் கைக்காசிலேயே சரிசெய்ய நினைத்தேன். கையெழுத்துப் போடும்போது உங்களிடமிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி இருந்தது.

அரியலூரில் ஒரு டிங்கரிங் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் தின்னர் நனைத்த துணியால் கதவைத் துடைத்தார். கோடுகளில் பாதி மறைந்துபோனது. "இதெல்லாம் தூண்ல இருந்து ஒட்டுன பெயிண்ட்டும்மா, கீறல் இல்ல" என்று துணியில் ஏறியிருந்த பச்சையைக் காட்டினார். பிறகு கேட்டார்: "வண்டிய வச்சிக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"விக்கறதா இருந்தா பெயிண்ட்டு அடிக்கறது வீண். புதுசா அடிச்சிருக்கறதப் பாத்தா, பெரிய அடியா இருக்குமோன்னு வாங்கறவன் யோசிப்பான்."

"வச்சிக்கப் போறேன்" என்றேன். மகனிடம் இன்னும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப ரெண்டு வழி இருக்கு. பள்ளத்துல பட்டி பூசி நெரவிட்டு, கதவு முழுக்க பெயிண்ட்டு அடிக்கலாம். பழைய கலரு வெயில்ல வெளுத்துருச்சு, அதனால பக்கத்துலயும் சேத்து அடிச்சாத்தான் ஒத்துப்போவும். புதுசு மாரி ஆயிடும். வண்டி ஒரு வாரம் இங்க கெடக்கணும். இல்லன்னா, கதவோட உள் அட்டையக் கழட்டி, பள்ளத்த உள்ளேருந்து தட்டி எடுத்துட்டு, மிச்சக் கோட்ட ரப்பிங் போட்டுத் தேச்சு எடுத்துடலாம். தகரம் தெரியற எடத்துல மட்டும் துருப்புடிக்காம லேசா பெயிண்ட்டு டச்சப். செலவு ரொம்பக் கம்மி. சாயங்காலமே எடுத்துக்கலாம். ஆனா உத்துப் பாத்தா தெரியும்."

உங்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பென்ஷனில் பாதிதான் எனக்கு வருகிறது என்றாலும், இழுத்துப் பிடித்தால் அதைச் செய்திருக்கலாம். ஆனால் ஒரு வாரம். ஒரு வாரம் நம் வாசலில் கார் இருக்காது. யாருக்காவது ஏதாவது ஆகி, மறுபடியும் நான் தெருவில் இறங்கி ஓட வேண்டி வந்தால்? அதை நினைத்ததுமே கடை பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"சாயங்காலமே குடுத்துடுங்க" என்றேன். செலவுக்குப் பயப்படுகிறேன் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். "நல்ல முடிவும்மா, காசு மிச்சம்" என்று மகனும் பாராட்டினான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் சாய்வாக விழும்போது கதவில் ஒரு சின்ன அலை மாதிரி தெரிகிறது. உங்கள் காரை அப்படி விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணன் பாதில விட்டத நீங்க முடிச்சு வைங்கண்ணி" என்றாள். ஊருக்கு வெளியே திடலுக்குக் கூட்டிப்போனேன். அவள் ஓட்ட, நான் பக்கத்தில். பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். வண்டி ஒரு வேப்பமரத்தை நோக்கிப் போனபோது என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"பாத்து! கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?"

வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் பின்னாலேயே போய் எப்படியாவது கூட்டி வர வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கத்துறதுன்னா கத்திக்கங்க அண்ணி. கத்துக்காம நான் எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சாவியை மறுபடி திருப்பினாள்.

அன்றைக்குக் கொள்ளிடக் கரையில் நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதாங்க.