தோள்பட்டியில் நான்கு டக்கு

சுத்துக்கேணி
ஜூன் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தனக்கொடிக்குப் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளை அவர் பாகூருக்கு அழைத்து வந்து உன்னிடம் விடுவார். மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

முதலில் என் கல்லூரிக் காலத்துச் சேலை ஒன்றில்தான் பையை வெட்டினேன். நான் உடுத்தியது எதுவும் குழந்தையோடு போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதை அடுப்பில் போட்டுவிட்டு, அவருடைய காக்கிக் கால்சட்டையை வெட்டித் தைத்தேன். தைத்ததை வெந்நீரில் கொதிக்கவைத்தும் எடுத்துவிட்டேன். பயப்படாதே.

பாவாடைக்கு வைப்பதுபோலத் தோள்பட்டியையும் மடித்து டக்கு வைத்திருக்கிறேன். அவள் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். இப்போதெல்லாம் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் என்னோடு பேசுகிறாள். அங்கிருந்தே எண்ணிவிட்டாள்.

"இன்னாத்துக்கும்மா நாலு? ஆறு மாசத்துல வந்துடுவேன்னியே?"

"நீ ஒழுங்கா சாப்ட்டா மடமடன்னு வளந்துடுவடி. அதுக்குத்தான்."

"அப்ப நீயே வந்து பிரிச்சிவுடு. பெரிம்மாவத் தொடவுட மாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன், அக்கா.

தையலைப் பெரிது பெரிதாகத்தான் போட்டிருக்கிறேன். நூலை இழுத்தால் வந்துவிடும். சித்திரைக்குச் சித்திரை ஒன்று, அவள் தூங்கும்போது பிரித்துவிடு. காலையில் கேட்டால், அம்மா வந்து பிரித்துவிட்டுப் போனாள் என்று சொல்.

உன் தங்கச்சி