பதினாலாம் நம்பர் பஸ்ஸின் முதல் நிறுத்தம்

ஆகஸ்ட் 28, 2006, திங்கள்

பள்ளி திறந்து மூன்று வாரம். அலபாமா வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் என் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது.

முதல் நிறுத்தம் ப்யூ வீடு. காலை ஆறு மணிக்குக் கெண்ட்ரெல் ப்யூ ஏறுவான், பள்ளியில் கடைசி வருஷம். அடுத்த நிறுத்தத்துக்குப் பதினோரு நிமிஷம். அதுவரை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்து ஃபுட்பால் பேசுவான், பந்தைக் கையில் பிடித்து ஓடி மோதுகிற எங்கள் ஊர் ஃபுட்பால். என் நாளிலேயே நல்ல பதினோரு நிமிஷம் அதுதான்.

ஆறடி நான்கு அங்குலம். எங்கள் ஹேஸ்டன் பள்ளி அணியில் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன்; எதிரணியில் பந்தெறிகிறவனைத் துரத்திச் சாய்ப்பது அவன் வேலை. இலவசப் படிப்போடு தங்கள் அணியில் ஆடக் கூப்பிட்ட கூசா பல்கலைக்கு ஜூலையில் வாய்வார்த்தையாகச் சம்மதம் சொல்லிவிட்டான். என் கூசா! முப்பது வருஷமாக நான் கத்தித் தொண்டை கிழித்துக்கொண்ட கூசா! பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் பையன்கள் கல்லூரி அணிகளுக்குக் கையெழுத்துப் போடும் நாள். அதுவரை பையன் மனம் மாறலாம் என்பதுதான் என் பயம்.

பள்ளி ஆட்டக்காரர்களுக்குத் தரம் போடுகிறவர்கள் அவனுக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறார்கள். கண் இருக்கிறதா அவர்களுக்கு? நாற்பது கஜ ஓட்டத்தைக் கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். ஆட்டத்தில் எவன் நாற்பது கஜம் நேராக ஓடுகிறான்? முதல் மூன்று அடியைப் பார்க்க வேண்டும். இதைத்தான் இணையத்தில் கூசா ரசிகர் தளத்தில் எழுதினேன். அங்கே என் பெயர் ‘பழைய64’. பள்ளியில் நான் போட்ட சட்டை எண். அறுபது பேர் ஆமோதித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 9, சனி

நேற்று இரவு ஆட்டம். எதிரணியின் பந்தெறிகிறவனை நான்கு முறை தரையில் சாய்த்தான். நான்கு! மூன்று நட்சத்திரமாம்.

செப்டம்பர் 25, திங்கள்

கெண்ட்ரெல் இன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து.

“என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஏறுற?”

“வெள்ளிக்கிழமை முட்டி மேல ஒருத்தன் விழுந்துட்டான் சார். அம்மாகிட்ட சொல்லிராதீங்க. கோச்சுகிட்டயும். ஆட விடாம உக்கார வெச்சிருவாரு.”

“நான் யாருகிட்டடா சொல்லப்போறேன்?”

“உங்களை நம்பிதான் சார் சொல்றேன்.”

பள்ளியில் இறங்கும்போது, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று ஒன்றுமே இல்லாததுபோல் இறங்கினான். பல்லைக் கடித்திருப்பான்.

அக்டோபர் 7, சனி

நேற்று ஆட்டத்தில், கூசாவின் பரம எதிரியான பிக்கெட் பல்கலையின் உதவிக் கோச் வேலியோரம் நின்றிருந்தார். பச்சைச் சட்டை. அந்தப் பச்சையைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. கெண்ட்ரெல் முட்டி வலியோடே பந்தெறிகிறவனை இரண்டு முறை சாய்த்தான். பச்சைச் சட்டை குறிப்பு எழுதியது.

அக்டோபர் 15, ஞாயிறு

சர்ச் முடிந்து யோலண்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். கெண்ட்ரெலின் அம்மா. கோழி வெட்டும் ஆலையில் வேலை, ஒற்றை ஆளாக அவனை வளர்த்தவள். முகமெல்லாம் சிரிப்பு.

“பிரதர் டில்மன், பிக்கெட் கோச் நம்ம வீட்டுக்கு வந்தாரு தெரியுமா? நான் சுட்டுவெச்ச இனிப்பு, பீச் பழக் கோப்ளரை, ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. என்ன மரியாதைங்கிறீங்க! கெண்ட்ரெலுக்கு மனசு ஆடுது.”

“கூசாவுக்கு வாக்குக் குடுத்திருக்கானே, யோலண்டா.”

“எங்க போனாலும் படிப்பு இலவசம்தானே பிரதர்? அவன் பதினெட்டு வயசுல எங்கூட ஆலைக்கு வரக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்.”

பிக்கெட்டுக்கா? என் பஸ்ஸில் ஏறுகிற பையன் பச்சைச் சட்டை போடுவதா? 

அக்டோபர் 16, திங்கள்

போட்டுவிட்டேன்.

‘நம்பகமான தகவல். பிக்கெட் ஆட்கள் கவனிக்கவும். ப்யூவின் இடது முட்டி சரியில்லை. காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறான்.’

அவன் நன்மைக்குத்தான். பிக்கெட் பின்வாங்கினால் பையன் மனம் ஆடாது. கூசா ஆட்களுக்கு அவனைப் பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியும், முட்டிக்கெல்லாம் பயப்பட மாட்டார்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. பிறகு ஏன் இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்?

அக்டோபர் 18, புதன்

இருநூற்றுப் பதினேழு பதில்கள். ‘பழைய64 சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.’ மற்ற தளங்களும் எடுத்துப் போட்டிருக்கின்றன. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இருந்தது என்றே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பிக்கெட் கோச் போன் செய்வதை நிறுத்திவிட்டாராம். நினைத்தது நடந்துவிட்டது. யோலண்டா மட்டும், “கோப்ளர் பிடிக்கலையோ என்னவோ” என்று சிரிக்கப் பார்த்தாள்.

நவம்பர் 14, செவ்வாய்

கெண்ட்ரெல் படிகளில் தாவி ஏறினான். கடைசியில் அவன் அம்மாவே கண்டுபிடித்து டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். ஸ்கேனில் கிழிசல் எதுவும் இல்லை, வெறும் வீக்கம்தான், அதுவும் வடிந்துவிட்டது.

“சூப்பர்டா” என்றேன். தளத்தில் அதையும் போட்டேன். ஒன்பது பதில்கள். நல்ல செய்திக்கு யார் வருகிறார்கள்?

டிசம்பர் 10, ஞாயிறு

கூசாவிலிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை. யோலண்டா என்னிடம் கேட்கிறாள்: “உங்களுக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரியுமே பிரதர், இது சகஜமா?” சகஜம்தான் என்றேன். 

ஜனவரி 24, 2007, புதன்

கூசா அவனைக் கைவிட்டுவிட்டது.

‘இடம் நிரம்பிவிட்டது’ என்றார்களாம். ஜார்ஜியாவிலிருந்து வேறொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேனைக் கேட்கக்கூட இல்லை. கையெழுத்து நாளுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. எல்லாக் கல்லூரிக்கும் ஆள் எடுத்து முடிந்துவிட்டது.

பையன் மனம் மாறுவான் என்றுதானே ஆறு மாதமாகப் பயந்தேன்? கல்லூரியும் மாறலாம் என்று இந்தப் பெரிய ரசிகனுக்கு ஏன் தோன்றவில்லை?

என்ன காரியம்டா பண்ணிட்ட ரோஸ்கோ டில்மன். நம்பிச் சொன்னான்டா அந்தப் புள்ள.

ஜனவரி 29, திங்கள்

ஆறு மணி. கதவைத் திறந்தேன். கெண்ட்ரெல் முதல் படியில் இடது காலை வைத்தான். இரண்டாவது படியில் வலது கால். மூன்றாவதில் இடது கால். மெதுவாக, ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டுவதுபோல். மேலே வந்து நின்றான். கையில் மடித்த தாள், பழைய64-இன் பதிவை அச்செடுத்தது.

“நல்லாப் பாத்துக்கிட்டீங்களா சார்? ராத்திரி எழுதணும்ல.”

தாளை என் முகத்துக்கு நேரே பிரித்துக் காட்டினான்.

“படி ஏறுறதை எழுதியிருக்கான் பாருங்க, அதை எந்தப் பயலும் பாத்ததில்ல. இந்த நேரத்துல இந்த பஸ்ஸுல யாரு சார் இருக்கா?”

“கெண்ட்ரெல், நீ பிக்கெட்டுக்குப் போயிரக் கூடாதுன்னுதான்—”

“நான் கூசாவுக்குத்தான் சார் போயிருப்பேன். உங்களுக்காகத்தான்.”

கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். பதினோரு நிமிஷம். கண்ணாடியில் அவன் தலை மட்டும் தெரிந்தது.

ஜனவரி 30, செவ்வாய்

பதிவை அழித்தேன். என்ன பயன்? நூறு இடத்தில் கிடக்கிறது. ‘நான் செய்தது தவறு, பையன் முட்டி நன்றாக இருக்கிறது’ என்று எழுதினேன். ஒருவன் பதில் போட்டான்: ‘ப்யூ கதை முடிஞ்சுது பெருசு. ஜார்ஜியா பையனோட முதல் மூணு அடியைப் பாரு!’

என் வாக்கியத்தையே என்மேல் எறிகிறான். கூசா கோச்சுக்குக் கடிதம் போட்டேன், என் சொந்தப் பெயரில்.

பிப்ரவரி 7, புதன்

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜை போட்டு, கல்லூரித் தொப்பி வைத்து, படம் எடுத்தார்கள். இரண்டு பையன்கள் கையெழுத்துப் போட்டார்கள். தாளை ஃபாக்ஸில் அனுப்பியதும் எல்லோரும் கைதட்டினார்கள். கெண்ட்ரெல் வரவில்லை. யோலண்டா ஒரு மாதத்துக்கு முன்பே கூசா நிறத்தில் சொல்லிவைத்த கேக்கை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாள் போல. கடைக்காரன் பள்ளிக்கே கொண்டுவந்து நிற்கிறான். கெண்ட்ரெல் பெயர் எழுதிய கேக். நான்தான் வாங்கி பஸ்ஸில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

கூசா கோச்சிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 11, ஞாயிறு

யோலண்டா இப்போதெல்லாம் சர்ச்சில் என் பக்கத்திலேயே வந்து உட்காருகிறாள். “எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க பிரதர்” என்றாள். கெண்ட்ரெல் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்ல வேண்டும். அடுத்த வாரம்.

மார்ச் 18

அடுத்த வாரம்.

மே 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சர்ச் வாசலில், கார்களுக்கு நடுவில். கெண்ட்ரெலுக்குக் கான்சாஸில் ஏதோ இரண்டு வருஷக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பாதிச் செலவு அவளுடையது. ஞாயிறு தவிர எல்லா நாளும் ஆலையில் இரண்டு ஷிப்ட் எழுதிக்கொடுத்திருக்கிறாளாம். அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை கைப்பையைக்கூட அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கெண்ட்ரெல் ஜனவரியிலயே சொல்லிட்டான், பிரதர் டில்மன்.”

“ஜனவரியிலயா?”

“பின்ன? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? இன்னிக்காச்சும் வாயத் திறப்பாரா, இன்னிக்காச்சும் திறப்பாரான்னுதான். பதினாறு வாரம் ஆச்சு.”

“மன்னிச்சிரு, யோலண்டா.”

“மன்னிச்சிருவேன். வேதத்துல சொல்லியிருக்குல்ல. ஆனா எனக்கு நேரம் வேணும்.”

காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, வியாழன்

பள்ளி திறந்தது. என் பஸ்ஸுக்கு இப்போது முதல் நிறுத்தம் மில் ரோடு.

டிசம்பர் 6, 2008, சனி

ஒரு வருஷத்துக்கு மேலாக இதில் எழுதவில்லை. தளத்தில் எழுதியும் ரொம்ப நாளாகிறது. படிப்பதை மட்டும் விட முடியவில்லை.

கான்சாஸில் கெண்ட்ரெல் இந்த வருஷம் பந்தெறிகிறவர்களைப் பதினைந்து முறை சாய்த்திருக்கிறான். எண்களைத் தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டியிருக்கிறேன். யோலண்டா சர்ச்சில் இப்போது அந்தப் பக்கத்து வரிசை. பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

இன்று தளத்தில் ஒரே ஆரவாரம். அவனுக்கு அங்கே இரண்டு வருஷம் முடியப்போவதால், கூசா மறுபடி அவனைக் கேட்கிறதாம். பிக்கெட்டும் கேட்கிறதாம். ஒருவன் எழுதியிருந்தான்: ‘பழைய64, நீங்க ஹேஸ்டன்காரர்தானே? அந்தப் பையனோட முட்டி இப்ப எப்படி? எங்க போவான்?’

பதில் பெட்டியைத் திறந்தேன். எவ்வளவு எழுதலாம்! முதல் மூன்று அடியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம்.

‘தெரியாது’ என்று ஒரு சொல் எழுதி அனுப்பினேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. அந்த வீட்டிலிருந்து யாரும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.